உடை அவரவர் விருப்பம்

ஒரு மனிதன் தன் மாமனாரை எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நான் அதைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பி, பாறைகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர் கீழே இறங்கிப் போனவன். மாமனாரோடு. மாமியாரும் உண்டு. கையில் எலுமிச்சைச் சாதம்.

இதில் கூடுதல் அவமானம் என்னவென்றால், நான் ஆங்கில வாத்தியார். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லப் போகிற விபத்து மொழி தெரியாததால் நடந்ததில்லை. தெரிந்ததால் நடந்தது. (தெரியாதவனாக இருந்தால் பேசாமல் நாலு பேரைக் கேட்டிருப்பான்.)

முதலில் மாமா. ராயகிரிக்காரர். போலீஸில் சேர்ந்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, தென்காசியில் வீடு கட்டி உட்கார்ந்தவர். வேலையில் இருந்த காலத்தில் சாரல் ஆரம்பித்தால் அவருக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து. அதிலும் மெயினருவியில், ஆண்கள் குளிக்கிற பக்கத்துக்கும் பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கும் நடுவே நிற்கிற வேலை. விசில் ஒன்று, லத்தி ஒன்று, மீசை ஒன்று. எவனாவது இரண்டடி நகர்ந்து நின்றால் விசில் பறக்கும். “ஏலே, அருவிய பாத்துக் குளி. அங்கன என்ன பார்வ?” என்பார். பதினான்கு சீசன் பெண்கள் பக்கம் முதுகைக் காட்டியே நின்றதாக இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அவர் குளிக்கிற முறையும் மாறாதது. உடம்பு முழுக்க நல்லெண்ணெய், இடுப்பில் கட்டம் போட்ட துண்டு. அவ்வளவுதான். குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது, அங்கிருந்த நீச்சல் குளத்தில் இதே கோலத்தில் இறங்கியிருக்கிறார். காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்து, நைலான் நீச்சல் உடை கட்டாயம் என்று எழுதியிருந்த பலகையைக் காட்டி, அவரை வெளியே ஏறச் சொல்லிவிட்டான். கல்யாண வீடே பார்க்க, சொட்டச் சொட்ட ஏறினார். “தண்ணிக்கு என்னலே தெரியும், நைலானா நூலான்னு?” என்று கேட்டாராம். அந்தப் பையன் பலகையை மறுபடி காட்டினானாம். அதிலிருந்து அருவியைத் தவிர வேறு எந்தத் தண்ணீரிலும் அவர் கால் நனைத்ததில்லை.

என் மைத்துனன் சங்கர் கப்பலில் இன்ஜினியர். கப்பல் கம்பெனி கிரேக்க நாட்டில். மூன்று வருடத்துக்கு முன் மே மாத விடுமுறையில் அப்பா அம்மாவையும், அவர்களுக்குத் துணையாக என்னையும் என் மனைவி கோமதியையும் அங்கே வரவழைத்தான். கூட்டமில்லாத ஒரு கடலோர ஊரில் ஐந்து நாளுக்கு வீடு பிடித்திருந்தான். கூடவே இருப்பதாகத்தான் ஏற்பாடு. நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றைக்கே கப்பலில் ஏதோ பழுது என்று கூப்பிட்டுவிட்டார்கள். “அத்தான், இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு நீங்க இருக்கீய, எனக்கென்ன கவலை” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு இன்றுவரை அந்த வருத்தம் உண்டு. (போனதற்கு இல்லை. பார்க்க முடியாமல் போனதற்கு.)

ஊர் அழகான ஊர். வெள்ளை வீடுகள், நீல ஜன்னல், தெருவுக்கு நாலு பூனை. தெருவோரமே எலுமிச்சை காய்த்துத் தொங்கியதில் அத்தைக்கு எலுமிச்சைக்குப் பேர்போன நம் புளியங்குடிப் பக்கம் வந்தது போலவே இருந்தது. நாலு காயைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டார். மாமாவுக்குத்தான் ஒட்டவில்லை. ஊர்க் கடற்கரைக்கு முதல் நாள் கூட்டிப்போனோம். அங்கே பெண்கள் இரண்டு துண்டுத் துணியில் படுத்திருப்பதைப் பார்த்ததும் மாமா அப்படியே திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். முக்கால் மணி நேரம். எதிரே காபிக்கடைக்காரர் தன்னைத்தான் யாரோ காவல் காக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே போய்விட்டார். குளிக்கச் சொன்னால், துண்டோடு இறங்கினால் இங்கேயும் ஒரு நைலான்காரன் வருவான் என்றார். சங்கர் வாங்கி வைத்திருந்த டால்பின் படம் போட்ட டவுசரைக் காட்டினோம். அதை அவர் பார்த்த பார்வையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அத்தை முற்றத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே கோமதியிடம் ஒன்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“நாப்பது வருசமா சீசன் தவறாம குத்தாலம் போறோம்ட்டி. ஒரே அருவிதான். ஆனா அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தலையத் துவட்டிட்டு பஸ் ஸ்டாண்டுலதான் மூஞ்சியப் பாத்துக்கிடுவோம். ஒருநாளாவது ரெண்டு பேரும் ஒரே தண்ணில நிக்கணும்னு எனக்கு ஆசை. இங்க வந்தா நடக்கும்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு, இருக்கட்டும் விடு என்று எலுமிச்சம்பழத்தை நறுக்கப் போய்விட்டார். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. இருக்கட்டும் என்றதுதான் என்னைக் கிளப்பியது. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இந்த ஒரு குளியலை நடத்திக் காட்டாமல் தென்காசி திரும்புவதில்லை என்று செருப்பு மேல் ஆணையாக முடிவெடுத்தேன்.

எனக்கு வேண்டியது என்ன? மாமா துண்டோடு இறங்கலாம், அத்தை நைட்டியோடு இறங்கலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அப்படி ஒரு கடற்கரை. போனை எடுத்து, அமைதியான இடம், வயதானவர்கள், உடைக் கட்டுப்பாடு கிடையாது என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். வந்தது பாருங்கள், ‘க்ளோத்திங் ஆப்ஷனல்’ என்று ஒரு வார்த்தை. பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடத் தூரத்தில் அப்படி ஒரு கடற்கரை.

க்ளோத்திங் என்றால் உடை. ஆப்ஷனல் என்றால் விருப்பத்துக்கு உட்பட்டது. உடை அவரவர் விருப்பம். நைலான் கட்டாயம் என்பதற்கு நேர் எதிர்ப்பதம். இந்த மொழிபெயர்ப்பில் இன்றைக்கும் எவனும் ஒரு தவறு காட்ட முடியாது. எதை உடுத்துவது என்பது விருப்பம் என்று நான் நினைத்தேன். உடுத்துவதே விருப்பம் என்று தோன்றவில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

போய்வந்தவர்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். எல்லாம் பொருந்தியது. பெரும்பாலும் வயதானவர்கள்தான் வருவார்களாம். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்க மாட்டார்களாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருக்கலாமாம். படம் எடுக்கத் தடை. இதை மாமாவிடம் சொன்னதும் முதல்முறையாக அந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்தது. “பொம்பளைய குளிக்குத எடத்துல போனத் தூக்குதவன உள்ள தள்ளணும் மாப்பிள்ள. சரியான ஊருதான்” என்றார். போகலாம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். அத்தை மறுநாள் விடிந்ததும் எழுந்து சாதம் வடித்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா பெயர் எலேனி. அறுபது வயது இருக்கும். காலையில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர், இன்றைக்கு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கடற்கரையின் பெயரைச் சொன்னேன். துடைப்பம் நின்றது.

“நாலு பேருமா?”

“நாலு பேரும்தான். முக்கியமாக என் மாமியாருக்காகத்தான் போகிறோம்.”

“அது எப்படிப்பட்ட இடம் என்று அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். க்ளோத்திங் ஆப்ஷனல். அவருக்கு நாற்பது வருட ஆசை.”

எலேனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேரே அத்தையிடம் போய், இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. அத்தைக்கு வெட்கம். எதற்கு என்று கேட்டார். இந்த வயதில் கடலில் குளிக்கப் போகிறீர்களே, அந்தத் தைரியத்தைப் பாராட்டுகிறார் என்றேன். (அதுவும் சரியான மொழிபெயர்ப்புதான்.) பிறகு எலேனி மாமாவைப் பார்த்து, வெயில் கடுமை, எண்ணெய் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், வழக்கமாக வெயில் படாத இடங்களில் ரொம்பக் கவனம் என்றார். எண்ணெயை நன்றாகத் தேய்க்கச் சொல்கிறார் என்றேன் மாமாவிடம். தென்காசியிலிருந்து கொண்டுவந்திருந்த நல்லெண்ணெய் பாட்டிலை மாமா எடுத்துக் காட்டினார். எலேனி கட்டைவிரலை உயர்த்தினார். இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொண்டன.

பஸ் எங்களை ஒரு மேட்டில் இறக்கிவிட்டது. திரும்பும் பஸ் நாலு மணிக்குத்தான். மேட்டில் நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. ஒரு ஒற்றையடிப் பாதை கீழே இறங்கியது. அதன் தலைப்பில் ஒரு பலகை. பலகை என்றாலே மாமாவுக்கு உடம்பு விறைக்கும். வாசிக்கச் சொன்னார். வகுப்பில் வாசிப்பது போல ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை வாசித்தேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தையிடம், “பாத்தியாளா, இது நாடு. நம்மூர்ல நைலான் கட்டாயம். இங்கன அவரவர் விருப்பம்” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். பின்னால் அத்தை, பூப்போட்ட நைட்டியும் தோளைச் சுற்றி ஒரு துண்டும் சாதத் தூக்குமாக. அதற்குப் பின்னால் கோமதி. கடைசியில் நான், வெற்றி பெற்றவன் நடக்கிற நடையில்.

பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தோல் நிறத்திலேயே எவ்வளவு இறுக்கமான கால்சட்டை தைத்திருக்கிறார்கள் என்று நான் வியந்துகொண்டிருக்கும்போது அவர் குனிந்து எதையோ எடுத்தார்.

இலக்கணம் புரிந்தது.

அவருக்கு அந்தப் பக்கம் இன்னும் இருபது பேர் இருப்பார்கள். எல்லோரும் பென்ஷன் வாங்குகிற வயது. ஒரு அம்மாள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மட்டையால் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தார். (எனக்குப் பதற்றமாக இருந்தது. கத்தி பெரிய கத்தி.) ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை. நைலானும் இல்லை, நூலும் இல்லை.

மாமா பழக்கதோஷத்தில் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினார். பாதையில் எங்களுக்குப் பின்னால் ஒரு கணவன் மனைவி, பையை மட்டும் மாட்டிக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இடப்பக்கம் திரும்பினார், பந்து. வலப்பக்கம் திரும்பினார், தர்பூசணி. பதினான்கு சீசன் அனுபவம் அங்கே தோற்றது. முதுகைக் காட்டத் திசையே இல்லாமல் கடைசியில் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டார். அந்த நிலையிலேயே பேசினார்.

“மாப்பிள்ள.”

“மாமா.”

“போர்டுல என்ன போட்டிருந்துச்சு?”

“உடை அவரவர் விருப்பம்னு போட்டிருந்துச்சு மாமா.”

“அதுல துணியே கெடையாதுன்னு எங்கன இருக்கு?”

“அந்த விருப்பத்துக்குள்ள இருக்கு மாமா.”

கோமதி பாறையில் உட்கார்ந்துவிட்டாள். சுடிதார் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மூச்சு வந்ததும், “ஏங்க, பதினாறு வருசமா இந்த இங்கிலீஷத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கீயளா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி துப்பட்டாவுக்குள் போனாள்.

மேலே ஏறுங்கள் என்று மாமா உத்தரவிட்டார், வானத்தைப் பார்த்தபடியே. நாலு மணிக்குத்தான் பஸ் என்றேன். மேட்டில் நிழல் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அப்போதுதான் அத்தையைக் காணோம் என்பதைக் கவனித்தோம்.

அத்தை எப்போதோ இறங்கிப் போயிருந்தார். சாதத் தூக்கைப் பாறை நிழலில் பத்திரமாக வைத்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நைட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய், தப்பு நடந்துவிட்டது அத்தை, மன்னிச்சிக்கிடுங்க என்றேன். அவர் தர்பூசணிக்காரரைக் காட்டி, “பாவம், அவுகளுக்கு முதுகெல்லாம் செவந்து தோலு உரிஞ்சு போச்சு. எண்ண தேச்சுட்டு வந்திருக்கலாம்லா” என்றார். அதற்கு மேல் அந்தக் கடற்கரையைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. மூன்று பிள்ளை பெற்று, எட்டுப் பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை. உடம்பு என்றால் கழுவ வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

இதற்குள் எங்களை முதலில் வரவேற்ற முதுகு, முன்பக்கமும் உடையதாக எங்களை நோக்கி நடந்து வந்தது. எழுபது வயதிருக்கும். வெள்ளை மீசை. ஜெர்மன்காரராம். பெயர் க்ளவுஸ் என்றார். (கையுறைதான். உடம்பில் அதுகூட இல்லை.) நாங்கள் சங்கடப்படுவதைப் பார்த்து ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார். வெட்கப்பட வேண்டாம், நீங்கள் உடையைக் கழற்றியே ஆக வேண்டும் என்று இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஆப்ஷனல் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கினார். போட்டுக்கொள்ளலாம், போடாமலும் இருக்கலாம். புரிகிறதா என்று கேட்டார். ஒரு ஆங்கில வாத்தியாருக்கு, அவன் மனைவி முன்னால், அம்மணமாக நின்றுகொண்டு. புரிகிறது சார் என்றேன்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு வைத்தேன். போலீஸ் என்றார். ஓய்வு பெற்றுவிட்டாராம். நான் மாமாவிடம் ஓடினேன்.

“மாமா, அவுகளும் போலீஸ்தானாம். ரிட்டயர்டு.”

மாமா வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எத வச்சு நம்புறது? ஐடி கார்ட எங்க வச்சிருக்காவன்னு கேளுங்க.”

நான் கேட்கவில்லை. சில மொழிபெயர்ப்புகளை வாத்தியாரே விட்டுவிட வேண்டும்.

அப்போது கடலிலிருந்து அத்தையின் குரல். இடுப்பளவு தண்ணீருக்குப் போயிருந்தார். நைட்டி பலூன் மாதிரி உப்பி அவரைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.

“ஏங்க, வாங்க. தண்ணி குத்தாலம் கணக்கா ஜில்லுன்னு இருக்கு.”

மாமா அசையவில்லை. “இத்தன பேரு இருக்காவளேளா” என்றார். அந்தக் குரலில் சப்-இன்ஸ்பெக்டர் இல்லை.

“இருந்துட்டுப் போறாவ. ஒருத்தராவது நம்மளத் திரும்பிப் பாத்தாவளா? குத்தாலத்துல ஈரச் சேலையோட நிக்கைல எத்தன கண்ணு. நீங்க விசிலடிச்சுல்லா வெரட்டணும். இங்கன விசிலே வேண்டாம். வாங்க.”

மாமா முதல்முறையாக வானத்திலிருந்து கண்ணை இறக்கினார். கடற்கரையை ஒரு சுற்றுப் பார்த்தார். வேலையில் இருந்த காலத்துப் பார்வை. யார் எங்கே நிற்கிறான், எவன் கண் எங்கே போகிறது என்று அளக்கிற பார்வை. படிக்கிற அம்மாள் படித்துக்கொண்டிருந்தார். பந்து போய்வந்துகொண்டிருந்தது. அத்தை சொன்னது உண்மை. எங்கள் பக்கம் ஒரு கண்கூட இல்லை.

சட்டையைக் கழற்றினார். எண்ணெய் பாட்டிலைத் திறந்து, தலையிலிருந்து கால்வரை தேய்த்தார். துண்டைச் சுற்றிக்கொண்டு அதற்குள்ளிருந்து வேட்டியை உருவி என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “மாப்பிள்ள, நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க. எனக்குக் கூச்சமா இருக்கு” என்றார்.

திரும்பினேன். அந்தக் கடற்கரையிலேயே உடுத்தியிருந்த இருவரைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, உடுத்தாத இருபது பேரை நேருக்கு நேர் பார்த்தபடி, கையில் மாமனார் வேட்டியோடு நின்றேன். தர்பூசணிக்காரர் ஒரு துண்டை நீட்டினார். வாங்கித் தின்றேன். வேறென்ன செய்வது?

பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. முதல் அலைக்கு மாமா ஒரு கத்து கத்தினார். பிறகு ஒரு சிரிப்பு. சின்னப் பிள்ளை சிரிப்பது போல, விட்டு விட்டு. யாரென்று எனக்குப் புரியவில்லை. கோமதி துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்திருந்தாள். “அம்மா” என்றாள். “எங்கம்மா இப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லங்க.” கோமதிதான் எனக்கு நேர்முக வர்ணனை. அத்தை இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி மாமா தலையில் ஊற்றுகிறாராம், அருவி மாதிரி. மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாராம். பெரிய அலை வந்தபோது மாமா அத்தையின் கையைப் பிடித்தாராம். அலை போன பிறகும் விடவில்லையாம்.

இந்த இடத்தில் நான் கட்டுரையை முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அடுத்து இன்னொரு அலை வந்தது.

“ஏளா, துண்டு!”

குற்றாலத்தில் துண்டுக்குள் வேறெதையும் உடுத்துகிற வழக்கம் மாமாவுக்குக் கிடையாது என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். நல்லெண்ணெய் தடவிய இடுப்பில் துண்டு நிற்கவும் நிற்காது. அது அலையோடு வெளியே போய், கட்டம் கட்டமாக விரிந்து, ஆப்பிரிக்கா பக்கம் கிளம்பிவிட்டது. மாமா கழுத்தளவுக்கு உட்கார்ந்துவிட்டார். அந்த நாலைந்து நிமிடம் எங்கள் குடும்பமும் அந்தக் கடற்கரையின் வழக்கத்தை முறையாகக் கடைப்பிடித்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. (அருவியில் எதற்கு நீச்சல்?) கரையில் இங்கும் அங்கும் ஓடினேன். ஓடிப்போனது என்ன பொருள் என்று க்ளவுஸ் கேட்டார். டவல், போலீஸ்காரர் டவல் என்றேன். மனிதர் உடனே தண்ணீரில் பாய்ந்தார். எழுபது வயதில் அப்படி ஒரு நீச்சல். துண்டைத் துரத்திப் பிடித்து, வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, மாமாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். மாமா தண்ணீருக்குள்ளேயே கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் எதிரெதிரே. மாமா அவர் நெற்றியை மட்டும் பார்த்தபடி கையை நீட்டினார். குலுக்கிக்கொண்டார்கள்.

கரைக்கு வந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, “போலீஸ்தான். ரெக்கவரி செஞ்ச வெதத்துலயே தெரியுது.” கொஞ்சம் யோசித்து, “பொருள மீட்டா ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். இதுக்கு மட்டும் சாட்சியே வேண்டாம், என்ன மாப்பிள்ள?” என்றார். எனக்குப் புரிந்தது. சத்தியம் செய்தேன்.

மத்தியானம் எலுமிச்சைச் சாதத்தை க்ளவுஸும் எங்களோடு சாப்பிட்டார். உட்காரும்போது மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார், எங்களுக்காகவாம். அத்தை அவருக்கு இரண்டாம் முறை வைத்தார். மாமாவும் அவரும் என் வழியாகப் பென்ஷன், இடமாற்றம், மேலதிகாரிகளின் கொடுமை என்று மூன்று மணிவரை பேசினார்கள். மாமா கடைசிவரை நெற்றியை விட்டுக் கீழே இறங்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்த நல்லெண்ணெயை, முதுகு சிவந்த தர்பூசணிக்காரருக்கு அத்தை கொடுத்தனுப்பினார்.

அந்த நாலு மணி பஸ்ஸில் அத்தையும் மாமாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்கள். வீட்டு வாசலில் எலேனி ஆவலாக எப்படி இருந்தது என்று கேட்டபோது, மாமா நேரடியாக ஆங்கிலத்திலேயே, “குட். வாட்டர் குட். பீப்பிள் குட்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இது தென்காசிக்கு வரக் கூடாது” என்றார்.

வரவில்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி செங்கோட்டையை எட்டுவதற்குள்ளேயே அத்தை மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார். தென்காசிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது விஷயம் எங்களுக்காகக் காத்திருந்தது. மாமா அதில் தன் துண்டுப் பகுதி இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு, மிச்சத்தைத் தானே சொல்ல ஆரம்பித்தார்.

அதிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ‘ஆப்ஷனல் மாப்பிள்ளை’ என்று பெயர். வீட்டு விசேஷத்துக்கு என்ன சேலை கட்டி வர என்று யாராவது கேட்டால், “எங்க மாப்பிள்ளகிட்ட மட்டும் கேட்டுராதீய” என்பார் மாமா. பந்தியில் உட்கார்ந்தால், மாப்பிள்ளைக்குப் பாயசம் கட்டாயமா விருப்பமா என்று ஒருவர் கேட்பார், வரிசையே சிரிக்கும். மூன்று வருடமாக அதே ஹாஸ்யம், அதே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துப் பழகிவிட்டேன். துண்டு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. (இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மாமா கட்டுரையெல்லாம் படிக்க மாட்டார்.)

போன வாரம் அத்தை போன் செய்தார். சாரல் ஆரம்பித்துவிட்டது, குற்றாலத்தில் நல்ல தண்ணீர், போய்விட்டு வந்தோம் என்றார். எப்படி இருந்தது என்றேன். “அருவிக்கு என்ன, நல்லாத்தான் விழுது. அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்” என்றார். கொஞ்சம் இழுத்துவிட்டு, சங்கர் வருகிற மே மாதம் மறுபடி டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறானாம், நானும் கோமதியும் வருவோமா என்று கேட்டார்.

“வாரோம் அத்த. அதே ஊருக்கா?”

“அதே ஊருதான்.”

“எந்தக் கடற்கரை அத்த?”

போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. அத்தைக்குப் பொத்தத் தெரியாது. மாமாவின் குரல் தெளிவாகவே வந்தது.

“அதே கடற்கரைன்னு சொல்லிராதளா. துண்டோட குளிக்க நல்ல எடமாத் தேடச் சொல்லு. அவரு தேடுனா கரெக்டா அங்கனதான் கொண்டு போயி விடுவாரு.”